கைப்பக்குவம் என்னும் பூட்டு

"ஏத்தா, புத்தகத்தப் பாத்து ஆக்குற சோத்துல ருசி எங்கிட்டிருந்து வரும்?" என்று கேட்டார் என் சின்ன மாமியார். கேட்டது ஒரு காதுகுத்துக் கறிவிருந்துப் பந்தியில். இரண்டு பக்கத்து இலைகளிலும் சிரிப்பு. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகத்தை ஒன்று விடாமல் நான் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறேன் என்ற சேதி அதற்குள் மதுரைச் சொந்தம் முழுக்கப் பரவியிருந்தது. அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் நல்லி எலும்பு. இரண்டு வருடம் நாலு மாதத்தில் புத்தகத்தை முடித்துவிட்டு இப்போது சொல்கிறேன்: அத்தை சொன்னது தப்பு. அவரோடு சேர்ந்து தலையாட்டிய நாடே சொல்வது தப்பு.

அந்தக் கருத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொண்டே பேசலாம். சமையல் என்பது கைப்பக்குவம். அது ரத்தத்தில் வரும். இல்லாவிட்டால் அடுப்படியில் அம்மா பக்கத்தில் நின்று நின்று வரும். அளவு கண்ணில் இருக்கிறது, உப்பு விரலில் இருக்கிறது. அம்மா பக்கத்தில் இல்லாதவர்களுக்கு ஊன்றுகோலாக வேண்டுமானால் புத்தகம் உதவும். அதிலும் ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை சமைத்துத் தீர்ப்பது வெறும் பிடிவாதம். பிடித்த பத்தைச் செய்துகொண்டு மிச்சத்தை மூடி வைப்பதே புத்தி. தொலைக்காட்சிச் சமையல் மேடையிலும் பத்திரிகைப் பேட்டியிலும் கல்யாணப் பந்தியிலும் இதைத்தான் கேட்கிறோம்.

முதலில், மரபு என்ற வாதம். "நம்ம பாட்டிமார் புத்தகம் பார்த்தா சமைச்சாங்க?" என்கிறார்கள். அந்தப் பாட்டிமாரில் பெரும்பாலோருக்கு எழுத்தையே கற்றுத் தரவில்லை என்பதை வசதியாக மறந்துவிட்டுக் கேட்கிற கேள்வி இது. எழுத்து எட்டிய இடத்தில் நம்மவர்கள் சமையலை எழுதித்தான் வைத்தார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்களுக்கு விருந்து வைக்கும் இடத்தைப் பாருங்கள். உணவைப் புகழ வந்த நல்லூர் நத்தத்தனார், ஆக்கியவரின் கை மணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பீமன் இயற்றிய சமையல் நூலிலிருந்து வழுவாமல் செய்த உணவு என்கிறார். அதுதான் அங்கே புகழ்ச்சி. நூலைப் பார்த்துச் சமைப்பது இழுக்கு என்று அந்தப் புலவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அளவும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோயில் அமுதுபடிக்கு அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காயம் என்று ஒவ்வொன்றையும் அளவோடு வெட்டி வைத்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு, செவிடு என்று அளவு இறங்கிக்கொண்டே போகும். 'கொஞ்சம் மிளகு' என்று யாரும் கல்லில் வெட்டவில்லை. இன்றைக்கும் கைப்பக்குவத்துக்குப் பேர் போன கல்யாணச் சமையல்காரரிடம் போய் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு என்று சொல்லிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை ஆட்டிக் காட்டுவாரா? ஒரு தாளை எடுத்துத் துவரம்பருப்பு இத்தனை கிலோ, புளி இத்தனை கிலோ, கடுகு இத்தனை கிராம் என்று சாமான் லிஸ்ட் எழுதுவார். கண்ணளவை நம்பி எந்த மளிகைக்கடைக்காரரும் சாமான் போட மாட்டார்.

அடுத்தது கை. கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது. இல்லையென்று நான் சொல்லவில்லை. சொல்லித் தர முடியாத மாயமாக அதை ஆக்குவதைத்தான் மறுக்கிறேன். அந்த மாயத்தில் பாதிக்கு மேல் காரணம் சொல்லக்கூடிய விஷயங்கள். சீடை வெடிக்கிறது என்றால் கண்ணேறு என்பார்கள், 'அவ கை அப்படி' என்பார்கள். உருண்டைக்குள் இருக்கும் ஈரம் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாகிறது. மேல்தோல் இறுகி வழி அடைந்துவிட்டால் அது முட்டி உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மாவை ஈரம் போக வறு, கட்டி இல்லாமல் சலி, இறுக்கி உருட்டாதே, ஊசியால் ஒரு குத்துக் குத்து. இதில் எந்தக் கைக்கு என்ன பிறவிப் பலன் வேண்டும்? அதிரசப் பாகுக்கு எது பதம்? ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலில் உருட்ட வர வேண்டும். யார் வீட்டுத் தண்ணீரிலும் அது அப்படித்தான் நடக்கும். இதை எழுதினால் மூன்று வரி. எழுதாமல் வைத்திருந்தால் முப்பது வருடம் ஒருவருடைய பெருமை.

அந்தப் பெருமையிலிருந்துதான் கோளாறு தொடங்குகிறது. கைப்பக்குவம் என்பது பாராட்டு மாதிரி தெரியும் பூட்டு. உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே போக முடியாது. "உன் கை ருசி யாருக்கும் வராதும்மா" என்று சொல்லிச் சொல்லியே எழுபது வயதிலும் அம்மாவை அடுப்பு முன்னால் நிற்க வைக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். காசு செலவில்லாத கூலி அந்தப் பாராட்டு. மறுபக்கம், வந்த மருமகளிடம் குழம்புப் பொடியில் ஒரு சாமானைச் சொல்லாமல் மறைத்து வைத்து, "எனக்கு வர்ற மணம் அவளுக்கு வரலையே" என்று பெருமூச்சு விடும் மாமியார்களையும் தெரியும். இருவரையும் காப்பாற்றுவது இந்த ஒரே சொல்தான்.

என் வீட்டிலேயே பார்த்தேன். முப்பது வருடம் "எனக்கு அந்தக் கை கிடையாது" என்று சொல்லி அடுப்படி வாசலோடு நின்றவர் என் வீட்டுக்காரர். புத்தகம் மேடையில் விரித்தபடி கிடந்தது. ஒருநாள் நான் வேலையிலிருந்து வர இருட்டிவிட்டது. பசி பொறுக்காமல், விரிந்திருந்த பக்கத்தில் இருந்த பருப்புருண்டைக் குழம்பை அவரே வைத்துவிட்டார். உருண்டை கரையவில்லை. அதற்கு முந்தின வாரம் நான் வைத்தபோது பாதி உருண்டை குழம்போடு கரைந்து போயிருந்தது. 'எனக்குத் தெரியாததா' என்று பாதி வரிகளைத் தாண்டிப் போனவள் நான். எழுத்துக்கூட்டிப் படித்து வரிவரியாகச் செய்தவர் அவர். கை கிடையாது என்று முப்பது வருடம் சொன்னது என்னவாயிற்று என்று கேட்டேன். "பசிதான் கை" என்றார். இல்லை, படிப்புதான் கை என்று நான் திருத்தினேன்.

மீனாட்சி அம்மாள் எழுதியதன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். நன்றாகச் சமைப்பார் என்பதால் உறவுக்காரர்கள் செய்முறை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதையெல்லாம் புத்தகமாகப் போடு என்று தூண்டியவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 1951இல் முதல் பாகம் வந்தது. கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தனிக்குடித்தனம் போன பெண்கள், மாமியாரும் அம்மாவும் பக்கத்தில் இல்லாத ஊர்களில், வெளிநாடுகளில், அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். கைப்பக்குவத்தின் பெருமையைத் தன்னோடு வைத்துக்கொண்டு போயிருக்கலாம் அவர். பூட்டைத் திறந்து சாவியை எல்லோர் கையிலும் கொடுத்தார். வைத்த பெயரும் 'பாகசாஸ்திரம்' அல்ல. 'சமைத்துப் பார்': நம்பாதே, செய்து சோதி என்கிற ஏவல்.

"சரி, பாரு. ஆனா முழுசையும் எதுக்குப் பார்க்கணும்?" என்பது அடுத்த கேள்வி. இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

பிடித்ததை மட்டும் சமைப்பவருக்கு அவருடைய நாக்கே வாத்தியார், அதுவே மாணவன். ஏற்கெனவே தெரிந்ததையே அது திரும்பத் திரும்பக் கேட்கும். கைபேசியில் வரும் சமையல் வீடியோக்களின் கதையும் அதுதான். பாகு எந்த நிறத்தில் திரளுகிறது, முறுக்கை எப்படிப் பிழிவது என்பதை எழுத்தைவிட வீடியோ நன்றாகக் காட்டும், நானே பார்த்தேன். ஆனால் பிரியாணியைத் தேடினால் அது இன்னும் நாற்பது பிரியாணியைத்தான் கொண்டுவந்து கொட்டும். வாழைப்பூவைக் கொண்டுவந்து கையில் திணிக்காது. கள்ளன் எடுக்க வேண்டும், கை கறுக்கும் என்று இருபத்தைந்து வருடம் வாழைப்பூவைக் கடையிலேயே விட்டு வந்தவள் நான். பருப்புசிலிப் பக்கம் வந்ததும் தப்பிக்க வழியில்லை. உட்கார்ந்து ஒரு மடல் ஒரு மடலாக உரித்தேன். இப்போது மாதம் இரண்டு தடவை வாங்குகிறேன். புத்தகம் நம் விருப்பத்தைக் கேட்பதில்லை. அதனால்தான் அது கற்றுத் தருகிறது.

இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு நல்ல சமையல் புத்தகத்துக்கு இலக்கணம் இருக்கிறது. தனித்தனிப் பக்கத்தில் அது தெரியாது, வரிசையில்தான் தெரியும். ரசங்களை நாலு நாள் தொடர்ச்சியாக வைத்தேன். புளி ரசத்தில் புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும். எலுமிச்சை ரசத்தில் அடுப்பை அணைத்து இறக்கிய பிறகுதான் சாறு பிழிய வேண்டும்; கொதிக்கவிட்டால் கசந்துவிடும். அடுத்து மோர்க்குழம்பு. அங்கே நுரை கூடி வரும்போதே இறக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். மூன்றும் புளிப்புதான். மூன்றுக்கும் தீயோடு மூன்று விதமான உறவு. தனித்தனியாக இந்த மூன்றையும் நான் வாழ்நாள் முழுக்கச் செய்தவள். அடுத்தடுத்துச் செய்தபோதுதான், புளிப்பைப் பற்றி எனக்கு இதுவரை ஒன்றும் தெரியாது என்பது தெரிந்தது. பத்துப் பக்கத்தை மட்டும் பொறுக்குகிறவருக்குப் பத்துப் பதார்த்தம் கிடைக்கும். முழுவதையும் சமைப்பவருக்குத்தான் பதார்த்தங்களுக்கு நடுவில் ஓடும் நூல் கிடைக்கும்.

பாட்டு வகுப்பில் எந்தப் பிள்ளையும் "எனக்குப் பிடித்த இரண்டு சரளி வரிசை போதும், நேராக ராகம் பாடுகிறேன்" என்று சொல்ல முடியாது. சரளி, ஜண்டை, அலங்காரம் என்று எல்லாவற்றையும் முடித்த தொண்டையில்தான் மனோதர்மம் வந்து உட்காரும். அதைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. அடுப்படிக்கு மட்டும் எதற்கு வேறு சட்டம்?

விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு கனமான மறுப்பை வைப்பார்கள். புத்தகத்தின் புளியும் உன் புளியும் ஒன்றா? பழைய புளி கறுத்து, புளிப்பு ஏறி இருக்கும். புதுப் புளி வேறு. சம்பா மிளகாய் ஒரு காரம், குண்டு மிளகாய் ஒரு காரம். புது அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும். இவ்வளவு மாறும் உலகத்தில் அச்சடித்த அளவு எப்படி நிற்கும்? உண்மைதான். ஆனால் மாறியிருக்கிறது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? நிலையாக ஒரு கோடு இருந்தால்தான் விலகல் தெரியும். அந்தக் கோட்டைப் புத்தகம் போட்டுத் தருகிறது.

இந்தியாவில் மெட்ரிக் அளவு 1958 முதல்தான் நடைமுறைக்கு வர ஆரம்பித்தது. அதற்கு ஏழு வருடம் முன்பே வந்த புத்தகம் இது. ஆழாக்கு, பலம், ரூபாய் எடை என்று பழைய கணக்கு. ஒரு பலம் சுமார் 35 கிராம், ஒரு ரூபாய் எடை 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். படிதான் தகராறு, ஊருக்கு ஊர் மாறும். பாட்டி வீட்டுப் பித்தளை ஆழாக்கை எடுத்து வந்து, அரிசிக்கும் பருப்புக்கும் தண்ணீருக்கும் அதையே வைத்துக்கொண்டேன். அப்போது விளங்கியது: அளவு என்பது எண்ணைவிட விகிதம். பாத்திரம் எதுவானாலும் ஒன்றுக்கு இத்தனை என்ற உறவு மாறாது. 'கண்ணளவு' என்று அத்தை சொல்வதும் இந்த விகிதத்தைத்தான். அவருக்கு அது பெயர் இல்லாமல் தெரியும்.

அப்புறம் 'சாதனை வெறி' என்ற குற்றச்சாட்டு. இதற்குக் காரணம் ஜூலி பவல். நியூயார்க்கில் இருந்த அந்தப் பெண் 2002இல் தொடங்கி, ஜூலியா சைல்டும் இரண்டு பிரெஞ்சுத் தோழியரும் 1961இல் வெளியிட்ட 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் பிரெஞ்ச் குக்கிங்' முதல் தொகுதியின் 524 செய்முறைகளை 365 நாளில் சமைத்தார். 2009இல் படமாகவும் வந்தது. அதிலிருந்து, புத்தகம் முழுவதையும் சமைப்பது என்றாலே கடிகாரத்தோடு ஓடும் ஓட்டப்பந்தயம் என்று ஆகிவிட்டது. ஓட்டத்தில் குறை இருக்கலாம். பாதையில் குறை இல்லை. அந்த ஜூலியா சைல்டே பிறவிக் கைக்காரி அல்லர். 37 வயதில் பாரிஸில் சமையல் பள்ளியில் சேர்ந்து கற்றவர். அவருடைய புத்தகத்துக்குப் பின்னால் ஏறக்குறைய பத்து வருடச் சோதனை இருக்கிறது.

'சமைத்துப் பார்' போன்ற புத்தகத்தை ஒரு வருடத்தில் முடிக்க நினைத்தால் பஞ்சாங்கமே விடாது. மாவடு மாசி பங்குனியில்தான் கிடைக்கும். வடாத்துக்குச் சித்திரை வெயில் வேண்டும். நெல்லிக்காய் மார்கழி, தையில் வரும். ஐப்பசி மழையில் எனக்கு வடாம் பக்கம் வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு நூலைச் சொருகிவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தேன். அப்பளம் இரண்டு தடவை தோற்றது. பிரண்டைச் சாறு விட்டு, உலக்கையால் இடித்து, இட்டுக் காயவைத்த முதல் ஈட்டைப் பொரித்தபோது ஒன்றுகூடப் பொங்கவில்லை. "ஆணி அடிச்சுச் சுவத்துல மாட்டலாம்" என்றார் வீட்டுக்காரர். தடிமன்தான் குற்றவாளி என்று மூன்றாம் தடவை தெரிந்தது. இனிப்பும் பொரிப்பும் வந்த மாதங்களில் கால் அளவு செய்து தெருவுக்கே கொடுத்தேன். இதில் சாதனை எங்கே இருக்கிறது? வேலைதான் இருக்கிறது.

கடைசியாக, இந்த மறுப்புகளில் நான் மதிக்கும் ஒன்று. "அது அய்யர் வீட்டுச் சமையல். அதைத் தலைகீழாகப் படிச்சு முடிச்சா தமிழ்ச் சமையல் தெரிஞ்சதா ஆகிடுமா?" ஆகாது. அந்தப் புத்தகத்தில் கருவாட்டுக் குழம்பு கிடையாது, கோலா உருண்டை கிடையாது, குடல் கறி கிடையாது. பூண்டும் சோம்பும் தலைகாட்டாமல் பக்கம் பக்கமாகப் போகும். ஒரு சமூகத்தின் அடுப்படி அது. அதையே தமிழ்ச் சமையல் என்று நம்பச் செய்தது அச்சின் அதிகாரம். ஆனால் யோசியுங்கள்: அங்கே எது இல்லை என்பதை யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? கடைசிப் பக்கம் வரை போனவரால்தான். நுனிப்புல் மேய்ந்தவருக்கு எல்லை தெரியாது. எல்லை தெரியாதவர்தான் அதை முழுமை என்று நினைப்பார். பூண்டும் சோம்பும் இல்லாமல் மாதக்கணக்கில் சமைத்த பிறகுதான், பெருங்காயம் தனியாக என்ன செய்கிறது, மல்லியை எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. அதன் பிறகு என் கறிக்குழம்புக்கு வந்த நிதானம் முன்பு இருந்ததில்லை. சைவப் புத்தகம் என் ஆட்டுக்கறியைத் திருத்தியது என்றால் சின்ன மாமியார் நம்ப மாட்டார். போன தீபாவளிக்கு இரண்டாம் முறை ஊற்றச் சொன்னவரும் அவர்தான்.

அவர் வைக்கும் அயிரை மீன் குழம்புக்குப் புத்தகம் எங்கே? கிடையாது. ஏன் கிடையாது? அச்சகமும் படிப்பும் எந்தத் தெருவுக்கு முதலில் போயின என்பது பாதிப் பதில். மீதிப் பதில், "அதெல்லாம் கைப்பக்குவம், எழுத வராது" என்று நாமே சொல்லிக்கொண்டது. எழுத வராது என்று பெருமைப்பட்ட அடுப்படிகள் ஒவ்வொரு சாவோடும் அணைந்துகொண்டிருக்கின்றன. எழுதிய அடுப்படி எழுபது வருடம் கழித்து, அந்தச் சமூகத்தில் பிறக்காத ஒருத்தியின் வீட்டில் எரிகிறது. கைப்பக்குவத்தின் மகிமை பேசுகிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

நான் என் பதிலை ஆரம்பித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தராசையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு சின்ன மாமியார் வீட்டுக்குப் போனேன். அவர் மல்லித்தூளை அள்ளிச் சட்டி மேல் கொண்டுபோகும்போது, கைக்குக் கீழே ஒரு கிண்ணத்தை நீட்டினேன். "என்னத்தா இது கூத்து?" என்றார். கிண்ணத்தைத் தராசில் வைத்தேன். 22 கிராம். எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். மிளகாய்த்தூளுக்கும் அதே. புளிக்கும் அதே. நாலாவது தடவை உப்பை அள்ளியவர், என்னைக் கேட்காமல் தானே கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தராசை எட்டிப் பார்த்தார்.